இரண்டாவது கோடு

கொசுக் கூண்டுக்குள் முதன்முதலாகக் கையை விட்டு நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று காலை ஜெபசெல்வி மேடம் என் ரத்தத்தில் இரண்டு துளி எடுத்து ஒரு சோதனை அட்டையில் விட்டார். கோடு விழக் கால் மணி நேரம் ஆகும். எனக்கு அட்டையைப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆய்வு மாணவரான நைனார் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முகத்தில்தான் முதலில் தெரிந்தது.

“மேடம்,” என்றார். செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். “மேடம், ரெண்டு கோடு.”

முதல் கோடு விழுந்தால் அந்த உடம்பு டெங்குவை எதிர்க்கப் பழகியிருக்கிறது என்று பொருள். காய்ச்சல் வந்து பிழைத்தவர்களுக்கு அது விழும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு விழும். இரண்டாவது கோடு அப்படி இல்லை. எங்கள் ஆய்வகத்துக் கொசு கடித்தவர்களுக்கு மட்டும்தான் அது விழ முடியும். மேடம் அதற்கென்றே அந்தக் கொசுவின் எச்சிலில் ஒரு சின்ன அடையாளத்தைச் சேர்த்திருந்தார். படம் வரைந்தவர் மூலையில் கையெழுத்துப் போடுவதைப் போல.

எனக்கு இரண்டும் விழுந்திருந்தன. இரண்டாவது மெல்லியது, ரோஜா நிறம். ஊசி இல்லை, மாத்திரை இல்லை, ஒரு நாள் காய்ச்சல்கூட இல்லை. வெறும் கொசுக்கடியால் எனக்கு டெங்குத் தடுப்பு கிடைத்திருந்தது. உலகத்தில் முதல் மூன்று பேரில் நான் ஒருத்தி. மற்ற இரண்டு பேரும் என் வகுப்புதான். அவர்களுக்கும் விழுந்தது.

“கத்தணும்னா கத்திக்க, பேச்சி,” என்றார் நைனார் அண்ணன். “இன்னைக்குக் கத்தலைன்னா பொறவு எப்பக் கத்துவ?”

நான் சிரித்தேன். கத்தவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு முறை குதித்தேன்.

நான் அந்த ஆய்வகத்துக்குள் போன விதமே வேடிக்கையானது. பி.எஸ்சி. விலங்கியல், இரண்டாம் ஆண்டு. எங்கள் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. பிள்ளைகளை ஆராய்ச்சிப் பக்கம் விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நடந்து போகும்போது கதவில் எங்கள் முகம்தான் தெரியும். ஆனி மாதத்தில் ஒரு நாள் மேடம் எங்கள் வகுப்புக்கு வந்தார்.

“எனக்கு மூணு பேர் வேணும். மார்க்கைப் பத்திக் கவலையில்ல. பத்து நிமிஷம் வாயைத் திறக்காம, அசையாம உக்காரத் தெரியணும். பேசினா அந்த மூச்சுக்கே கொசு கலைஞ்சுரும். யாராவது இருக்கீங்களா?”

வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

“உம் பேர் என்னம்மா?”

“பேச்சியம்மாள்.”

வகுப்பு சிரித்து முடிக்க நேரமானது. மேடமும் கொஞ்சம் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஆனால் என் வாழ்க்கையில் முதன்முறையாகப் பேசாமல் இருப்பது ஒரு தகுதியாக இருந்தது. கையைத் தூக்கினேன்.

மேடம் கையெழுத்து வாங்கிய விதம் எனக்கு மறக்காது. ஒப்புதல் தாளை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வரிவரியாகத் தமிழில் வாசித்தார். வாசித்து முடித்து, “வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். பாதியில சொல்லலாம்,” என்றார். மூன்று முறை சொன்னார். ரத்தம் எடுக்கிற ஊசியைக் காட்டி, “இந்த ஊசிக்குக் கையை நீட்டணுமா வேண்டாமான்னு உங்களால முடிவு பண்ண முடியும். கொசு கேட்டுட்டுக் கடிக்காது. அதனால நாமதான் கேக்கணும். ஒவ்வொருத்தர்ட்டயும் கேக்கணும்,” என்றார்.

அவ்வளவுதான் இந்த ஆய்வு. தடுப்பூசியின் வேலையைக் கொசு செய்ய வேண்டும். நைனார் அண்ணன் அதற்கு ஊசிக்கொசு என்று பெயர் வைத்திருந்தார். மேடம் கட்டுரைகளில் வேறு நீளமான பெயர் எழுதுவார். பேச்சில் அவரும் ஊசிக்கொசு என்றுதான் சொல்வார்.

முதல் நாள் கையை விட்டபோது நூறு கொசுவும் ஒன்றாக வந்து உட்காரும் என்று பயந்தேன். அப்படி இல்லை. ஒன்று வந்தது. முன்னங்காலால் தோலைத் தட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. வயிறு மெல்லச் சிவந்து, ஒரு சின்ன மாதுளை முத்து மாதிரி ஆனது. அரிப்பு பிறகுதான் வந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் மூச்சு விட மறந்துவிட்டேன் என்று நைனார் அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். உண்மைதான். இப்படி ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிவதற்காகக் காத்திருந்தேன். மணி அடித்ததும் ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ரத்தம் குடித்த கொசு மூன்று நாளில் முட்டையிடும். ஈரமான வடிதாளை ஒரு கிண்ணத்தில் சுற்றி வைப்போம். அதில் மிளகுத் தூளைத் தூவியது மாதிரி முட்டைகள் ஒட்டியிருக்கும். தாளை உலர்த்தி, எந்தக் கிழமை தண்ணீரில் போட வேண்டும் என்று பென்சிலால் எழுதுவோம். ‘ஞாயிறு நனை.’ ‘புதன் நனை.’ அடுத்த தலைமுறைக்கு ஒரு தாள் போதும். மிச்சத்தை அழித்துவிட வேண்டும். அழிக்கிற நீராவிக் கலன் திங்கட்கிழமை மட்டும்தான் ஓடும். அதுவரை மிச்சத் தாளைப் பூட்டிய டப்பாவில் வைக்க வேண்டும் என்பது விதி. டப்பாவின் சாவி எப்போதும் யாரிடமாவது இருக்கும், யாரிடம் என்று தெரியாது. அதனால் ஆய்வகத்தில் போடும் வெள்ளைக் கோட்டின் பையில் போட்டுக்கொள்வது வழக்கம். எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

சனிக்கிழமை கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போவேன். அம்மா துவைப்பாள்.

என் அம்மா சண்முகக்கனி நகராட்சியில் கொசு ஒழிப்புப் பணியாளர். ஒப்பந்த வேலை. தோளில் ஒரு பை. அதில் டார்ச், கரண்டி வடிகட்டி, மருந்து பாட்டில், சாக்பீஸ். மூன்று வார்டுகளில் வீடுவீடாகப் போவாள். தண்ணீர்த் தொட்டி, டிரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு எல்லாம் பார்ப்பாள். புழு இருந்தால் கொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவி, தொட்டி மேல் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

நான் ஆய்வில் சேர்ந்ததைச் சொன்ன அன்று அம்மா நிறைய நேரம் சிரித்தாள்.

“காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நான் கொல்லுதேன். நீ உக்காந்து ரத்தம் குடுத்து வளக்க. நல்ல குடும்பம்ட்டி.”

“இது வேறக் கொசும்மா. இது கடிச்சா டெங்கு வராது.”

சிரிப்பு நின்றது. “நெசமாவா?”

“மேடம் சொல்றாங்க. எங்களுக்கு எப்படின்னு பாத்தாத்தான் தெரியும்.”

“வெளிய எப்ப விடுவாவ?”

“அனுமதி வாங்கணும். ரெண்டு வருஷம் ஆகும். மூணுகூட ஆகலாம். அதுக்குப் பிறகு தெருத்தெருவா, வீடுவீடாக் கேக்கணும். ஒரு வீடு மாட்டேன்னு சொன்னாலும் அந்தத் தெருவுல விட மாட்டாங்க.”

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “ஒரு வீடாவது மாட்டேன்னுதான் சொல்லும்,” என்றாள். “புழுவக் கொட்டவே விட மாட்டுக்காவ. எந் தொட்டியில நீ யாருட்டி கைய விடன்னு சண்டைக்கு வாராவ.”

பிறகு நறுக்குவதை நிறுத்தினாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஐப்பசியில் எங்கள் எதிர்வீட்டுப் பொன்ராணி அக்காவின் மூத்த பிள்ளை கவினயா டெங்குவில் இறந்துபோனாள். ஆறு வயது. அந்த வீட்டுத் தொட்டியில் முந்தின வாரம்தான் அம்மா பார்த்துத் தேதி போட்டிருந்தாள். பிள்ளை போன பிறகும் தேதி அழியாமல் இருந்தது. காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள் அம்மா ஈரத்துணியோடு போய் அதைத் துடைத்துவிட்டு வந்தாள். பொன்ராணி அக்கா அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று அம்மா ஒருமுறை சொன்னாள்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன். கோட்டைத் துவைக்க எடுத்த அம்மா பின்வாசலில் இருந்து கேட்டாள்.

“ஏட்டி, பையில பேப்பர் கெடக்கு. ஞாயிறு நனைன்னு எழுதிருக்கு. வேணுமா?”

“அது மிச்சம்மா. குப்பைக்குத்தான்.”

“ஒங்க கொசுவா?”

“ஆமா. காஞ்சு போச்சு.”

அதன் பிறகு அவள் கேட்டதில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் கோட்டு இஸ்திரி போட்டு, பை காலியாக, பளிச்சென்று இருக்கும். நைனார் அண்ணன் தன் கோட்டையும் என் கோட்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டுவார். “பாருங்க மேடம். நான் மீன் மார்க்கெட், இவ டாக்டர். உங்க அம்மா என் கோட்டையும் துவைப்பாங்களா, பேச்சி? கேட்டுச் சொல்லு.”

நான் கேட்கவில்லை. வழக்கம் போல.

இரண்டு கோடு விழுந்த அன்று மேடம் பிரியாணி வரவழைத்தார். நைனார் அண்ணன் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, புதன்கிழமை சென்னையில் இருந்து வரப்போகும் அனுமதிக் குழு எப்படியெல்லாம் வாயைப் பிளக்கும் என்று நடித்துக் காட்டினார். மேடம் சாப்பிடவில்லை. எங்கள் மூன்று அட்டைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொரு வருட வேலை அது.

“ஒப்பீட்டு ஆட்களையும் பாத்துருவோம்,” என்றார்.

ஒப்பீட்டு ஆட்கள் என்றால் எங்கள் கொசு கடிக்காதவர்கள். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒருவரின் ரத்தத்தை முதல் நாளிலும் இப்போதும் கொண்டுவர வேண்டும். அவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் காலே வைத்திருக்கக் கூடாது. பெயர் வேண்டாம், எண் மட்டும் போதும். அவர்களுக்கு இரண்டாவது கோடு விழாது. விழாது என்று காட்டினால்தான் எங்களுக்கு விழுந்ததற்கு மதிப்பு.

முதல் ஆளுக்கு ஒரு கோடும் இல்லை. இரண்டாவது ஆளுக்கு ஒரு கோடு. எப்போதோ காய்ச்சல் வந்திருக்கிறது. சரி.

மூன்றாவது ஆளுக்கு இரண்டு கோடு.

நைனார் அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். “குழாய் மாறிருக்கும் மேடம். பேச்சியோட ரத்தமா இருக்கும்.”

மறுபடி பார்த்தோம். இரண்டு கோடு. முதல் நாள் எடுத்துக் குளிரில் வைத்திருந்த ரத்தத்தையும் பார்த்தோம். அதில் ஒரே கோடு. அப்படியென்றால் இந்த நூற்றுப் பன்னிரண்டு நாளுக்குள் எங்கள் கொசு அந்த ஆளைக் கடித்திருக்கிறது.

“யார் கொண்டுவந்தது?” என்று கேட்டார் மேடம்.

நான் கையைத் தூக்கினேன்.

“இவங்க இங்க வந்திருக்காங்களா? ஒரு தடவையாவது?”

“இல்ல மேடம்.”

“உறுதியா?”

“உறுதியா.”

நைனார் அண்ணன் மெல்லச் சொன்னார். “இந்த ஒண்ண விட்டுருவோம் மேடம். ரெண்டு பேர் போதும்னு எழுதிக்கலாம். குழு கேக்காது.”

மேடம் அவரைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். “இது தப்புன்னா விட்டுரலாம். தப்பு இல்லைன்னா கொசு வெளிய போயிருக்கு. வெளிய போயிருந்தா லேபை மூடிருவாங்க, நைனார். மூடத்தான் செய்யணும். நான் அவங்க எடத்துல இருந்தா மூடிருவேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “யாரு கொண்டுபோனாங்கன்னு கேப்பாங்க. அவங்களுக்கும் அப்புறம் இந்தப் பக்கம் எடம் இருக்காது. அதனால சொல்லும்மா. இது யாரு?”

சொன்னேன். “எங்க அம்மா.”

“வீட்டு ஆளுங்க கூடாதுன்னு சொன்னேன்ல?”

“வேற யார்ட்டயும் ரத்தம் கேக்கக் கூச்சமா இருந்துச்சு மேடம்.”

நைனார் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயை மூடிக்கொண்டார். மேடம் என் கோட்டைப் பார்த்தார். அதன் வெள்ளையைப் பார்த்தார்.

“நாளைக்கு உங்க வீட்டுக்கு வாரேன்,” என்றார்.

அன்று இரவு வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டாவது கோடு விழுந்திருக்கிறது என்றால் ஊசிக்கொசு கூண்டுக்கு வெளியிலும் வேலை செய்கிறது. அளந்து வைத்த வெப்பத்தில் அல்ல, எங்கள் ஊர் வெயிலில், மழையில். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் அப்படி ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை. அது என் அம்மாவின் ரத்தத்தில் எழுதியிருந்தது. அவள் அதே ரத்தத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் மேற்பார்வையாளரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆமா சார், ஒரு கேஸும் இல்ல. மூணு வார்டுலயும் இல்ல. ஆமா, ஐப்பசி முடியப் போவுது. பாராட்டெல்லாம் எதுக்கு சார்.” வைத்துவிட்டு என் தட்டைப் பார்த்தாள். “என்னட்டி, கோலம் போடுத? தின்னு.”

“நாளைக்கு மேடம் வாராங்கம்மா.”

“எதுக்கு?”

“உன் ரத்தத்துல ரெண்டாவது கோடு விழுந்திருக்கு.”

அம்மா என்ன அது என்று கேட்கவில்லை. அவளுக்கு அது என்னவென்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். “வரட்டும்,” என்றாள். “டீக்குப் பால் வாங்கணும்.”

சனிக்கிழமை காலை மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பையில் நீல விளக்கும் ஆரஞ்சுக் கண்ணாடியும் இருந்தன. ஊசிக்கொசுவின் புழுவுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இருட்டில் நீல விளக்கை அடித்து அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதன் கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டு ஒளிரும்.

பட்டப் பகலில் இருட்டுக்கு எங்கே போவது? அம்மாவின் கட்டம் போட்ட போர்வையைக் கொண்டுவந்தேன். ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எங்கள் கொல்லையில் தண்ணீர் டிரம்முக்குள் தலையை விட்டு, மேலே போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

டிரம்மில் ஒன்றுமில்லை. அதன் சுவர் கண்ணாடி மாதிரி தேய்த்துக் கழுவியிருந்தது. மணிபிளான்ட் பாட்டில், ஃபிரிட்ஜ் தட்டு, கழிவறை வாளி எதிலும் ஒன்றுமில்லை.

மேடம் போர்வையைவிட்டு வெளியே வந்து நெற்றியைத் துடைத்தார். மூச்சு விட்டார். “சரி. கோட்டுல ஒண்ணு ரெண்டு கொசு ஒட்டி வந்திருக்கும். உங்களைக் கடிச்சிருக்கும். அதோட முடிஞ்சு போயிருக்கும். இங்க பெருகல.”

அம்மா டீ கொடுத்தாள். மேடம் குடித்துக்கொண்டே சொன்னார். “மூணாவது ஆளை விலக்கிட்டேன்னு குழுகிட்ட நான் எழுத்துல சொல்லிருவேன். காரணமும் சொல்லுவேன். விசாரிப்பாங்க. பேச்சி, அதுவரைக்கும் நீ லேபுக்கு வர வேண்டாம்மா.”

“எத்தனை நாளைக்கு மேடம்?” என்று கேட்டாள் அம்மா.

“சொல்ல முடியாது. கொசு இவ கோட்டுலதான வந்திருக்கு. பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டாங்க.”

அம்மா காலி டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் தலைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கொசு ஒரே ஒரு முறை கடித்தால் இரண்டாவது கோடு இவ்வளவு அழுத்தமாக விழாது. எனக்கே நூற்றுப் பன்னிரண்டு நாள் கடித்த பிறகுதான் மெல்லிய ரோஜா நிறம். அம்மாவின் கோடு என்னுடையதைவிடச் சிவப்பு.

“மேடம்,” என்றேன். “ஒரு தொட்டியைப் பாத்து முடிவு சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

“எதிர்வீட்டுலயும் பாக்கலாம் மேடம்.”

“அங்க நேத்துதான் நான் பாத்தேன்,” என்றாள் அம்மா.

“இருந்தாலும் பாத்துருவோம்,” என்று மேடம் எழுந்தார். அவருடைய கண்ணிலும் அந்தத் துள்ளல் வந்துவிட்டதை நான் கண்டேன். தொற்றுநோய் மாதிரிதான் அது. பயந்துகொண்டே தெரிந்துகொள்ள ஆசைப்படுவது.

பொன்ராணி அக்கா சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். கவினயாவின் தங்கை, ஒன்றரை வயது. நான் போர்வையோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்தது.

“எங்க தொட்டியா? தாராளமாப் பாருங்க. கனியக்கா வாராவாரம் பாத்துருவாங்க. நாங்க மூடியத் தொடுறதே இல்ல.”

வீட்டின் பக்கவாட்டில் சிமென்ட் தொட்டி. மூடிமேல் சாக்பீஸால் முந்தின நாள் தேதி. அம்மாவின் கையெழுத்து. மேடம் மூடியைத் தள்ளி, கண்ணாடியை மாட்டி, விளக்கோடு குனிந்தார். நான் போர்வையைப் போர்த்திவிட்டேன்.

நேரமானது. போர்வை அசையவில்லை.

“பேச்சி,” என்று உள்ளே இருந்து குரல் வந்தது. “உள்ள வா.”

நானும் தலையை நுழைத்தேன். ஒரே கண்ணாடியை ஆளுக்கு ஒரு கண்ணாகப் பிடித்துக்கொண்டோம். முதலில் இருட்டு. பிறகு நீலம். பிறகு தொட்டிக்குள் சிவப்புப் பொட்டுகள். இரண்டிரண்டாக, ஜோடி ஜோடியாக. சுருண்டு விரிந்து மேலே வந்து, விளக்கைக் கண்டதும் எல்லாம் ஒன்றாகக் கீழே போயின. எண்ண முடியவில்லை. திருவிழாத் தெருவைக் கோபுரத்தில் இருந்து பார்த்தது மாதிரி இருந்தது.

“உயிரோட இருக்கு,” என்றார் மேடம். “வெளியிலயே பெருகியிருக்கு பாரு. இவ்வளவு மழைக்கு அப்புறமும். நான் இதைப் பாக்க இன்னும் அஞ்சு வருஷம் ஆகும்னு நினைச்சேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தோம். சின்னப் பிள்ளைகள் போர்வைக்குள் சிரிப்பது மாதிரி. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

போர்வையை விலக்கியதும் வெயில் கண்ணைக் குத்தியது. மேடத்தின் சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் மூடியைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். தொட்டிக்குள் பார்த்தார். விளக்கே வேண்டாம். வெறுங்கண்ணுக்கே புழு நெளிவது தெரிந்தது. தண்ணீர்க் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, சுவரில் ஒரு வடிதாள் துண்டு காய்ந்து ஒட்டியிருந்தது. கத்தரித்த துண்டு. அதில் பென்சிலால் எழுதிய ‘நனை’ மட்டும் மிச்சம் இருந்தது. என் கையெழுத்து.

மேடமும் அதைப் பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தார். அந்த வாரங்கள் எல்லாம் என் கண்முன் வந்தன. காலியான பை. வெள்ளைக் கோட்டு. மூன்று வார்டிலும் ஒரு கேஸும் இல்லை.

அம்மா வாசல் பக்கம் நின்றிருந்தாள். டம்ளர் இன்னும் அவள் கையில் இருந்தது.

“கனியம்மா,” என்றார் மேடம். “நேத்து பாத்ததாத் தேதி போட்டிருக்கீங்க. உள்ள இவ்வளவு புழு கெடக்கு. நீங்க எப்படித் தவற விட்டீங்க?”

“கனியக்கா தவற விட மாட்டாங்களே,” என்றார் பொன்ராணி அக்கா. பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தொட்டியை எட்டிப் பார்த்தார். “புழுவா? எங்க தொட்டியிலயா?”

அம்மா டம்ளரைச் சுவர்மேல் வைத்தாள்.

“தவற விடல மேடம்,” என்றாள். “பேச்சிக்கு ஒண்ணும் தெரியாது. அவ கோட்டுப் பையில கெடந்த பேப்பர நான்தான் எடுத்தேன். வாராவாரம் எடுத்தேன். வெட்டி வெட்டி மூணு வார்டுத் தொட்டியிலயும் நான்தான் ஒட்டிவிட்டேன்.”

பிறகு அவள் மேடத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்ற பொன்ராணி அக்காவைப் பார்த்தாள்.

“மொதத் துண்டு ஒந்தொட்டியிலதான் ராணி,” என்றாள். “ஒங்கிட்ட நான் கேக்கல.”